நிற விளையாட்டும் சொல் விளையாட்டும்: ஓபல் கல்லோடு ஒரு மாலை

(திருச்சி உறையூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பட்டறை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பிகளுக்கும், பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

முதலில் இந்த மோதிரத்தைப் பாருங்கள். என் அக்காவுடையது. அக்கா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதை மேசை விளக்குக்குக் கீழே வைக்கிறேன். நேராகப் பார்த்தால் நீர் கலந்த பால் மாதிரி ஒரு வெள்ளை, அவ்வளவுதான். இப்போது லேசாகச் சாய்க்கிறேன். இடது ஓரத்தில் ஒரு பச்சைப் பொறி. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பச்சை அணைந்து அதே இடத்தில் ஆரஞ்சு எழுகிறது. நடுவில் கடுகளவு நீலம் ஒன்று வந்துவிட்டுப் போகிறது. கல்லுக்குள் எதுவும் அசையவில்லை, ஆனாலும் நிறம் ஓடுகிறது. கூர்ந்து பார்த்தால் குறுக்கே முடி போல மூன்று விரிசல்கள் தெரியும். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இந்த மாதத் தலைப்பு சொல் விளையாட்டு என்று சொன்னார்கள். முப்பது வருடம் ஜியாலஜி பாடம் நடத்தியவன் நான். கேட்டவுடன் எனக்கு இந்தக் கல்தான் ஞாபகத்துக்கு வந்தது. காரணம், ஓபலில் நிறம் ஓடுகிறதே, அதற்கு ரத்தினவியலில் வைத்திருக்கும் பெயரே 'நிற விளையாட்டு' என்பதுதான். அது மட்டுமில்லை. எனக்குத் தெரிந்து வேறு எந்தக் கல்லின் தலையெழுத்தையும் சொற்கள் இவ்வளவு தூரம் எழுதவில்லை. ஒரு சொல் இதை உயர்த்தியது, ஒரு சொல் இதைத் திருடனுக்குத் துணையாக்கியது, ஒரு கதை இதை ராசியில்லாத கல் ஆக்கியது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சரி, நிறம் எங்கிருந்து வருகிறது? மாணிக்கத்தின் சிவப்புக்குக் குரோமியம் காரணம். நீலக்கல்லுக்கு இரும்பும் டைட்டானியமும். ஓபலில் அப்படி ஒரு சாயப் பொருளைத் தேடினால் கிடைக்காது. இது சிலிக்காவும் தண்ணீரும்தான். மணலில் இருக்கும் அதே சிலிக்கா. நகைக்கு வரும் கற்களில் பெரும்பாலும் எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். இந்தச் சிலிக்கா மிக நுண்ணிய உருண்டைகளாக உருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கிறது. பழக்கடையில் ஆரஞ்சுப் பழம் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ் வரிசையின் பள்ளத்தில் மேல் வரிசைப் பழம் உட்காரும், பழத்துக்கும் பழத்துக்கும் நடுவில் சந்து இருக்கும். அதே மாதிரிதான். ஆனால் இங்கே ஒரு பழத்தின் விட்டம் 150 முதல் 300 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 4,000 உருண்டைகள் வரிசையாக நிற்கலாம். இந்த ஒழுங்கான அடுக்கில் பட்டுத்தான் ஒளி சிதறிப் பிரிகிறது. உருண்டை சிறியதாக இருந்தால் நீலம், பெரியதாக இருந்தால் சிவப்பு. சிவப்பு அபூர்வம், அதனால் விலையும் அதற்குத்தான் அதிகம்.

இதே சிலிக்கா, இதே தண்ணீர், ஆனால் உருண்டைகள் சின்னதும் பெரியதுமாகக் கலைந்து கிடந்தால்? ஒரு நிறமும் வராது. ஆஸ்திரேலியச் சுரங்கக்காரர்கள் அந்த வெறும் ஓபலைப் 'பாட்ச்' என்பார்கள். நிறம் காட்டும் கல்லைக் 'கலர்' என்பார்கள். "இன்றைக்குக் கலர் பார்த்தாயா?" என்று கேட்டால் கல் கிடைத்ததா என்று அர்த்தம். பாட்சுக்கும் கலருக்கும் பொருளில் வித்தியாசம் இல்லை, அடுக்கில்தான் வித்தியாசம். 'கவிதை' என்ற சொல்லில் உள்ள மூன்று எழுத்துகளையும் இடம் மாற்றி 'விகதை' என்று வைத்துப் பாருங்கள். எழுத்து ஒன்றும் குறையவில்லை, ஒளி போய்விட்டது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர் சர் சி. வி. ராமன். அவருக்குக் கற்கள் மேல் தீராத மோகம். வைரம், முத்து, சந்திரகாந்தக் கல் என்று ஒன்றையும் விடாமல் ஒளியில் வைத்துப் பார்த்தவர். 1953-ல் பெங்களூரில் தம் மாணவர் ஏ. ஜெயராமனோடு சேர்ந்து ஓபலின் அமைப்பையும் அதன் வானவில் நிறங்களையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். உள்ளே இருக்கும் ஒழுங்கான அடுக்கமைப்பில்தான் ரகசியம் இருக்கிறது என்று எக்ஸ் கதிர் கொண்டு தேடினார்கள். அடுக்கு எதனால் ஆனது என்பதில் அவர்கள் சொன்ன விளக்கம் பின்னால் மாறியது. 1964-ல் ஆஸ்திரேலியாவில் சாண்டர்ஸ் என்ற விஞ்ஞானி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் உருண்டைகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனாலும் ஒழுங்கில்தான் நிறம் என்ற திசையில் காவிரிக்கரைப் பிள்ளை ஒருவர் அதற்குப் பதினோரு வருடம் முன்பே நடந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ராமன் பெயரைச் சொன்னதும் ஒரு சொல் விளையாட்டு வந்து நிற்கிறது. நம் அணி இலக்கணத்தில் சித்திரகவி வகைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. மாலைமாற்று, கரந்துறைச் செய்யுள், அக்கரச் சுதகம் என்று போகும். அதில் 'எழுத்து வருத்தனம்' என்று ஒன்று. வருத்தனம் என்றால் வளர்ச்சி. ஒரு சொல்லோடு எழுத்தைக் கூட்டிக் கூட்டி வேறு சொல், வேறு பொருள் வரவழைப்பது. இப்போது 'ஓபல்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'ந்' சேருங்கள். ந், ஓ, நோ. நோபல்! ஓபலை ஆராய்ந்தவர் 1930-ல் நோபல் வாங்கியவர். ஒரு மெய்யெழுத்துதான் நடுவில்.

இந்த விளையாட்டு இங்கே முடியவில்லை. அதே 'நோபல்' என்ற எழுத்துக்கூட்டில் தமிழில் இன்னொரு சொல்லையும் எழுதலாம். ஆங்கிலத்தில் அதற்கு நடுவில் வல்லின 'ப', பரிசின் பெயருக்கு மெலிந்த 'ப'. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. அந்த நோபல் ஒரு கள்ளி. நம் சப்பாத்திக்கள்ளி இருக்கிறதே, அந்த இனத்துக்கு மெக்சிகோவில் அதுதான் பெயர். அந்தக் கள்ளியில் வாழும் ஒரு சின்னப் பூச்சியை நசுக்கினால் இரத்தச் சிவப்பில் சாயம் கிடைக்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இந்தச் சாயத்தை மதராசிலேயே எடுத்துவிடலாம் என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 'நோபல்ரி' என்று அதற்குப் பெயர். 1795-ல் இந்தியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியதோ நல்ல சாயம் தரும் பூச்சி இல்லை, அதன் மட்டமான சொந்தக்காரன். அது கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. பிற்பாடு தென்னிந்தியாவில் காடாக மண்டிய கள்ளியை ஒழிக்க அந்தப் பூச்சியையே விட்டார்கள்.

'ந்' போட்டோம். 'க்' போட்டால்? கோபல். அதுவும் ஒரு சொல். மரப்பிசின். வார்னிஷ் காய்ச்சவும் புகை போடவும் பயன்படும் பிசின். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசின் 'இந்தியக் கோபல்' என்ற பெயரில்தான் வணிகத்தில் போனது. கல்லும் கள்ளியும் குங்கிலியமும் ஒரு மெய்யெழுத்துத் தூரத்தில் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன.

ஆனால் தம்பிகளே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நோபல் கள்ளி, கோபல் பிசின் இரண்டும் மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்லில் பிறந்த சொற்கள். ஓபலுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி ஒத்துப் போவது வேறு, உறவு இருப்பது வேறு. முதலாவது ரசிக்க, இரண்டாவது ஆதாரம் காட்டி நிறுவ. இந்த வித்தியாசத்தை மறந்தபோதெல்லாம் இந்தக் கல் அடிபட்டிருக்கிறது.

அப்படியானால் ஓபலின் உண்மையான உறவு எது? லத்தீனில் ஓபாலஸ், கிரேக்கத்தில் ஓபல்லியோஸ். இரண்டுக்கும் பின்னால் இருப்பது சமஸ்கிருத 'உபல' என்று பெரும்பாலான சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் நாவுக்கு உபலம். பொருள் என்ன தெரியுமா? கல். வெறும் கல். மேகதூதத்தில் காளிதாசன் மேகத்துக்கு வழி சொல்லும்போது, விந்திய மலையடிவாரத்தில் ரேவா நதி பாறைகளில் மோதிச் சிதறி ஓடுவதைக் காட்டுவான். யானையின் உடம்பில் கோடு கோடாகத் திருநீறு தீட்டியதுபோல் இருக்கும் என்பான். அங்கே பாறைக்கு அவன் போட்ட சொல் உபலம்தான். காலில் இடறும் கல்லின் பெயர் கடல் தாண்டிப் போய் அரசர் விரலில் ஏறும் கல்லின் பெயர் ஆகியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பிளினி என்ற அறிஞர் எழுதினார்: கார்பங்கிள் என்ற சிவப்புக் கல்லின் நெருப்பு, அமெதிஸ்டின் ஊதா, மரகதத்தின் கடல் பச்சை எல்லாம் ஒரே கல்லில் இருக்கின்றன, இதற்குத் தாய்நாடு இந்தியா என்று. ஆனால் ரோமானியர் கையில் இருந்த ஓபல்கள் பெரும்பாலும் இன்றைய ஸ்லோவாக்கியாவின் மலைச் சுரங்கங்களிலிருந்து போனவை என்றுதான் இன்று கருதுகிறார்கள். மண் ஐரோப்பாவுடையது, பெயர் மட்டும் நம் பக்கத்துப் பெயர். நம் நவரத்தினத்தில் ஓபலுக்கு இடமே இல்லை. மதுரை ரத்தினக் கடைத்தெருவில் கோவலன் ஒன்பது மணிகளையும் பார்த்து நடக்கிறானே, வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறாரே, அந்தத் தெருவிலும் ஓபல் இல்லை. இப்போது வைரம் வாங்க முடியாதவர்களுக்குச் சுக்கிரனுக்கு ஓபல் என்று ஜோசியர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். கடைகளில் அதற்கு ஓபல் என்றுதான் பெயர். ஊரைவிட்டுப் போன சொல் வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது.

பிளினி இன்னொன்றும் எழுதியிருக்கிறார். நோனியஸ் என்று ஒரு செனட்டர். அவர் மோதிரத்தில் ஹேசல் கொட்டை அளவில் ஓர் ஓபல். மதிப்பு ரோமானிய நாணயத்தில் 20 லட்சம் செஸ்டர்ஸ். அதன்மேல் மார்க் ஆண்டனிக்குக் கண். கல்லைக் கொடு, இல்லையேல் நாடு கடத்துவேன் என்ற நிலை வந்தது. நோனியஸ் வீடு, நிலம், சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு மோதிரத்தோடு நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

'கண்' என்று சொன்னேன். இந்தக் கல்லின் கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது. கிரேக்கத்தில் கண்ணுக்கு 'ஆப்தால்மோஸ்'. இன்றும் கண் மருத்துவத்துக்கு ஆப்தால்மாலஜி என்கிறோம். மத்திய கால ஐரோப்பாவில் ஓபாலஸ் என்ற பெயர் ஏட்டுக்கு ஏடு திரிந்து 'ஆப்டாலியஸ்' ஆயிற்று, அது கண் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. பெயரில் கண் இருந்தால் குணத்திலும் கண் இருக்க வேண்டுமே! 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரென் நகரப் பாதிரியார் மார்போட் கற்களைப் பற்றி எழுதிய செய்யுளில் இப்படிச் சொன்னார்: இதை வைத்திருப்பவனுக்குப் பார்வை கூர்மையாகும், சுற்றி நிற்பவர்களின் கண் இருண்டுவிடும், ஆகையால் இது திருடர்களின் காவலன். ஒரு கல் என்ன பாவம் செய்தது? அதன் பெயர் வேறொரு பெயர் மாதிரி ஒலித்தது, அவ்வளவுதான்.

இதை நினைக்கும்போது நம் மொழி எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அங்கே மணியைக் கண் என்றார்கள், நாம் கண்ணை மணி என்றோம். கண்மணி! காமத்துப்பாலில் காதலன் தன் கண்ணின் பாவையைப் பார்த்துச் சொல்வான்: 'கருமணியிற் பாவாய்நீ போதாய்.' நீ இடத்தைக் காலி செய், என் காதலிக்கு உட்கார வேறு இடம் இல்லை என்கிறான். அங்கேயும் கண்தான், மணிதான். ஆனால் அது திருடனை ஒளித்து வைக்கவில்லை, ஒரு பெண்ணை உட்கார வைத்தது.

இப்போது அக்காவின் மோதிரத்துக்கு வருகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்பு ஜோசியர் சொல்லி வாங்கியது. எத்தியோப்பியக் கல். அந்த நாட்டின் வொல்லோ பகுதியில் 2008-ல் பெரிய ஓபல் படிவம் கண்டுபிடித்தார்கள். அந்தக் கற்களில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: தண்ணீரைக் குடிக்கும். ஒரு நாள் அக்கா மோதிரத்தைக் கழற்றாமல் அரிசி ஊறவைத்த பாத்திரத்தில் கை விட்டுக் களைந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கல்லில் நிறமே இல்லை, கண்ணாடித் துண்டு மாதிரி நிற்கிறது. அலறியடித்துக்கொண்டு எனக்கு போன் செய்தார். "தம்பி, யாரோ கல்லை மாத்திட்டாங்கடா." நான் போய்ப் பார்த்து, ஒரு துணியில் வைத்து நிழலில் விடுங்கள், ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன். மூன்றாம் நாள் காலையில் பச்சை திரும்பி வந்தது. நுண்ணிய சந்துகளில் தண்ணீர் நிறைந்தால் ஒளிக்குச் சந்தும் உருண்டையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், நிறம் போகும். தண்ணீர் ஆவியானால் நிறம் வரும்.

1829-ல் வால்டர் ஸ்காட் ஒரு நாவல் எழுதினார். 'ஆன் ஆஃப் கெயர்ஸ்டீன்'. அதில் ஹெர்மியோன் என்று ஒரு மர்மப் பெண் வருவாள். அவள் கூந்தலில் ஓர் ஓபல். அவள் கோபப்பட்டால் அது சிவக்கும், மகிழ்ந்தால் மின்னும். தேவாலய வாசலில் தீர்த்தத் துளி ஒன்று அந்தக் கல்லில் தெறிக்கிறது. கல் பளிச்சென்று மின்னி நிறம் இழக்கிறது. அவள் மயங்கி விழுகிறாள். பிறகு பார்த்தால் படுக்கையில் ஒரு பிடி சாம்பல்தான். வாசகர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஐரோப்பாவில் ஓபல் விற்பனை படுத்தது என்று நகை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். துளி நீரில் நிறம் போவது எங்கள் அக்கா வீட்டு அடுப்படியில் நடந்த சமாச்சாரம். மூன்று நாள் பொறுத்திருந்தால் திரும்பி வந்திருக்கும்.

விக்டோரியா மகாராணிக்கு ஓபல் பிடிக்கும். கணவர் ஆல்பர்ட்டே வடிவம் போட்டு, ஓபலும் வைரமும் பதித்த கிரீடம் ஒன்று 1853-ல் செய்யச் சொல்லிக் கொடுத்தார். விக்டோரியாவுக்குப் பிறகு வந்த அலெக்சாண்ட்ரா ராணி அந்த ஓபல்களையெல்லாம் பிடுங்கிவிட்டு மாணிக்கம் பதித்தார். அந்தக் கிரீடம் இன்றும் மாணிக்கத்தோடுதான் இருக்கிறது.

மோதிரத்தில் இருக்கும் விரிசலைக் கேட்டீர்களானால், அது வேறு நாள். அக்கா விரல் கொஞ்சம் பருத்துவிட்டது, மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். வெட்டி, துண்டு தங்கம் வைத்து, பொடி வைத்து ஊதியிருக்கிறார்கள். கல்லைக் கழற்றாமல்! உள்ளே தண்ணீர் உள்ள கல். சூடு ஏறினால் என்ன ஆகும்? மூன்று கோடு. சொந்தக்காரர்கள் கூடிச் சுக்கிரன் கோபம், ராசியில்லாத கல், தூக்கி எறி என்றார்கள். அக்கா மட்டும் எறியவில்லை.

'பொடி வைத்து' என்றேன். தங்கத்தோடு தங்கம் பற்ற இடையில் வைக்கும் பற்றுக்குப் பொடி என்று பெயர். பத்தர் அதை வைத்து ஊதுவார், ஒட்டின இடம் தெரியாது. ஒரு சொல்லுக்குள் இன்னொரு பொருளை ஒட்டின இடம் தெரியாமல் வைத்துப் பேசினால் அதையும் 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோம். நகைப் பட்டறையிலிருந்து நேராகச் சொல் பட்டறைக்கு வந்த வழக்கு. இந்தத் தெருக்களில் வேலை செய்யும் உங்களைவிட இதை அனுபவித்துச் சொல்ல யாருக்கு முடியும்?

உங்கள் தொழிலில் இன்னொரு சொல்லும் எனக்குப் பிடிக்கும். ஓபலுக்கு வைரம் மாதிரி பட்டை தீட்டுவதில்லை. முகப்பைக் குமிழ் போல வழவழவென்று தேய்த்து விடுவார்கள். மெல்லிய ஏடாகக் கிடைத்தால் கறுப்புக் கல் ஒன்றின்மேல் ஒட்டுவார்கள். அதற்கு 'டப்லெட்' என்று பெயர். மேலே பளிங்கு மூடியும் போட்டால் டிரிப்லெட். சரி, 1601-ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் ஃபெஸ்டே என்ற கோமாளி காதலில் தடுமாறும் பிரபு ஒருவனைப் பார்த்து, உன் தையல்காரன் உனக்கு நிறம் மாறும் பட்டில் டப்லெட் தைக்கட்டும், உன் மனம் அசல் ஓபல் அல்லவா என்கிறான். அந்தக் காலத்தில் ஆண்கள் போட்ட இறுக்கமான மேல்சட்டைக்கு டப்லெட் என்று பெயர். நிறம் மாறும் பட்டு வேறு ஒன்றும் இல்லை, நம் மயில் கழுத்துப் பட்டுதான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசையும்போது இரண்டும் மாறி மாறித் தெரியும். நாடகத்தில் டப்லெட்டும் ஓபலும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. பின்னாளில் நகைத் தொழில் அதே இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிட்டது. அதோடும் நிற்கவில்லை. 1879-ல் லூயிஸ் கரோல் பத்திரிகையில் ஒரு சொல் புதிர் கொடுத்தார். ஒவ்வொரு அடியிலும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குப் போக வேண்டும். அந்த விளையாட்டுக்கு அவர் வைத்த பெயர் டப்லெட்ஸ். சட்டை, கல், சொல் மூன்றுக்கும் ஒரே பெயர்.

நம் சொல்லில் விளையாடிப் பார்ப்போமா? அக்கரச் சுதகம் என்றால் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவது. உற்பலம் என்றால் குவளைப் பூ. அதில் 'ற்' ஒன்றை எடுங்கள். உபலம். பூ கல்லாகிவிட்டது.

இனி ஆஸ்திரேலியா. ஓபல் என்றால் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டும். 1993-ல் இதைத் தேசிய ரத்தினமாக அறிவித்த நாடு. அந்த நாட்டில் இந்தப் பெயர் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது பாருங்கள். பெண்கள் தேசியக் கூடைப்பந்து அணி ஓபல்ஸ். சிட்னியில் பஸ், ரயில் ஏற ஓபல் கார்டு. லூகாஸ் ஹைட்ஸில் உள்ள ஆராய்ச்சி அணு உலை திறந்த தண்ணீர்க் குளத்துக்குள் இருப்பது, அதன் ஆங்கிலப் பெயர் 'ஓபன் பூல் ஆஸ்திரேலியன் லைட்வாட்டர்', அந்த நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஓபல். இவை எல்லாவற்றையும்விட என் மனசைத் தொட்டது ஒரு பெட்ரோல். நடு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் பெட்ரோல் முகர்ந்து மூளை கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். போதை தரும் வேதிப்பொருட்களைக் குறைத்த பெட்ரோல் ஒன்றை 2005-ல் கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஓபல். திருடர்களின் காவலன் என்று பெயர் வாங்கிய கல்லின் பெயரில் பிள்ளைகளுக்கு ஒரு காவல்.

கூபர் பீடி என்று ஓர் ஊர். தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனம். தங்கம் தேடிப் போன கூட்டத்தில் இருந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் 1915 பிப்ரவரி 1 அன்று அங்கே ஓபலைக் கண்டான். வெயில் தாங்காமல் மக்கள் மண்ணைக் குடைந்து பூமிக்கடியில் வீடு கட்டிக்கொண்ட ஊர். வீடு, தேவாலயம் எல்லாம் தரைக்குக் கீழே. ஊரைச் சுற்றிக் குழிகள், குழிகளின் வாயில் குவித்த மண்மேடுகள். ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே, ஆழமான குழிகள் என்று எச்சரிக்கைப் பலகைகள். யாரோ தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் தப்பிய கல்லைக் கிளறித் தேடுவதற்கு 'நூட்லிங்' என்பார்கள். இரவில் இறங்கி அடுத்தவன் சுரங்கத்தில் கல் திருடுபவனை 'ராட்டர்' என்பார்கள். எலி! நம் ஊரில் மலையைக் கல்லி எலியைப் பிடித்தான் என்போம். அங்கே ஒருவன் மலையைக் கல்ல, கிடைத்ததை எலி பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. கல்லுதல் என்றால் தோண்டுதல் என்பது உங்களுக்குத் தெரியும். கல்லை எடுக்கக் கல்ல வேண்டும். இந்தச் சிலேடையைத் தமிழ் நமக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறது.

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் இங்கே இரண்டு மூன்று முகங்கள் மலர்ந்ததைப் பார்த்தேன். கூபம் என்றால் கிணறு, குழி. கூபர் பீடி குழிகளின் ஊர். அப்படியானால் நம் சொல்தானே? இல்லை ஐயா. அது கோகத்தா மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். 'கூபா பிட்டி', வெள்ளைக்காரனின் பொந்து என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். அதில் குழி இருப்பது பிட்டியில், கூபாவில் இல்லை. அந்தச் சொல் அந்த மக்களுடையது. அவர்கள் மண்ணை எடுத்தது போதும், சொல்லையும் நாம் எடுக்க வேண்டாம். கூபர் பீடி, கூபம் என்று சொல்லி ரசிப்போம், சிரிப்போம், அதோடு விடுவோம். இல்லையென்றால் ஆப்தால்மோஸ் என்று சொல்லி ஒரு கல்லைத் திருடன் பக்கம் தள்ளிய அதே தப்பைத்தான் நாமும் செய்வோம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒன்று. இது என் சொந்தச் சிலேடை. ஓபல் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். ஓ, பல்! பல் என்றால் வாயில் இருக்கும் பல். பல் என்றால் பலவும்கூட: பல்பொருள், பல்வண்ணம். நிறத்தைப் பார்த்தால் ஓ, பல்வண்ணம்! வாயில் இருக்கும் பல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் நிஜக் கதை.

கறுப்பு ஓபலுக்குப் பேர்போன லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊரில் சுரங்கக்காரர்கள் ஒரு துண்டை எடுத்தார்கள். இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்கும் அளவு. விளக்கில் காட்டினால் ஒளி ஊடுருவியது. அது ஒரு சின்ன விலங்கின் கீழ்த்தாடை. சுமார் 10 கோடி வருடம் பழையது. எலும்பு கரைந்துபோன இடத்தில் சிலிக்கா கலந்த தண்ணீர் ஊறி, தங்கி, அதே வடிவத்தில் ஓபலாக உறைந்துவிட்டது. தாடையில் மூன்று கடைவாய்ப் பற்கள், மேடும் பள்ளமும் அப்படியே. 1985-ல் அதற்கு ஸ்டெரோபோடோன் என்று பெயர் வைத்தார்கள். டைனோசர் காலத்துப் பாலூட்டி ஒன்றின் தடயம் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது அதுதான் முதல் முறை. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் வாத்தலகு விலங்கான பிளாட்டிபஸுக்குச் சொந்தக்காரன். இன்றைய பிளாட்டிபஸ் வளர்ந்த பிறகு அதன் வாயில் பல்லே கிடையாது. அதன் பழங்காலச் சொந்தக்காரனின் பல் ஓபலாக இருக்கிறது.

இப்போது எல்லோரும் ஒரு தடவை சேர்ந்து சொல்லுங்கள். ஓ... பல்!

நன்றி. அக்கா, மோதிரம் உங்களிடம் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் ஒரு சுற்றுப் பார்த்துவிடட்டும். முன்வரிசையிலிருந்து கொடுத்து விடுகிறேன். விளக்குப் பக்கம் திரும்பி, லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பச்சை இடது ஓரத்தில் இருக்கும். யார் கையிலாவது தண்ணீர் டம்ளர் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வாங்குங்கள்.